வேலி போடும் முன் எல்லைக்கல்லைத் தேடுங்கள்

நிலமும் எல்லையும்: வாசகர் கேள்வி – பதில்

(இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, வீட்டைச் சுற்றி வேலியோ மதிலோ எழுப்புவதற்கு முன் எல்லையைத் தெரிந்துகொள்வது பற்றியவை. நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, கரூருக்கு அருகே ஒரு கிராமத்தில் என் மாமனார் 1991இல் கிரயம் பெற்ற மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வடபுறம் ஊர்ப்பாதை, தென்புறம் பக்கத்து வீட்டார் கட்டிய மதில். கல்கால் நட்டுக் கம்பி வேலி போடலாம் என்று டேப் பிடித்துப் பார்த்தோம். 40க்கு 60 மனை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தென்வடலில் கிழக்கே ஒன்றரை அடியும் மேற்கே நான்கரை அடியும் குறைகிறது. பத்திரத்திலும் 2400 சதுர அடிக்குப் பதில் 2340 என்று இருக்கிறது. பட்டாவில் 0 - 2.17 என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் மதில் கட்டும்போது எங்கள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று என் கணவர் உறுதியாக நம்புகிறார். வேலியை எந்த இடத்தில் போடுவது?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த பத்திர நகலின் சொத்து விவரத்தைத்தான் முதலில் படித்தேன். அதில் இப்படி எழுதியிருக்கிறது: ‘இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் ஜாதியடி 40, தென்வடல் கீழ்புறம் ஜாதியடி 60, மேல்புறம் ஜாதியடி 57, ஆக 2340 சதுர அடி மனை.’ ஜாதியடி என்பது நாம் சொல்லும் அடியேதான். கீழ்புறம் என்பது கிழக்கு, மேல்புறம் என்பது மேற்கு. பழைய பத்திரங்களின் இந்த வழக்கு தெரியாமல் மேலே, கீழே என்று படித்துக் குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனை செவ்வகமன்று. மேற்கே மூன்று அடி குறுகியது. 60க்கும் 57க்கும் சராசரி 58½. அதை 40ஆல் பெருக்கினால் சரியாக 2340 வரும்.

பட்டாவும் அதையே சொல்கிறது. 0 - 2.17 என்றால் ஹெக்டேர் எதுவுமில்லை, 2.17 ஏர் என்று பொருள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. ஆகவே 217 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 2336 சதுர அடி. மிச்சமுள்ள நான்கு சதுர அடி, தசமத்தைச் சுருக்கி எழுதியதால் வந்த வேறுபாடு. எனவே அந்த 60 சதுர அடியைப் பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டதாக வீட்டில் பேசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது உங்கள் மாமனாருக்கு விற்கப்படவே இல்லை.

இப்போது மிஞ்சுவது, இரண்டு புறத்திலும் ஒரே சீராகக் குறைகிற ஒன்றரை அடி. அளந்தது எங்கிருந்து எதுவரை என்று பாருங்கள். சிமெண்ட் சாலையின் ஓரத்திலிருந்து பக்கத்து வீட்டு மதில் வரை அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாலையின் ஓரம் என்பது ஒப்பந்ததாரர் பலகை அடித்த இடம். மதில் என்பது கொத்தனார் நூல் பிடித்த இடம். இரண்டில் ஒன்றுகூட நில அளவைத் துறை காட்டிய எல்லையன்று. ஒன்றரை அடியை மதில் எடுத்திருக்கலாம், பாதையும் எடுத்திருக்கலாம், இரண்டும் பங்கு போட்டிருக்கலாம். உங்கள் வடக்கெல்லை பத்திரத்தில் ‘20 அடி அகல ஊர்ப்பாதைக்கு (தெற்கு)’ என்று இருக்கிறது. பாதைக்குத் தெற்கே உங்கள் மனை இருக்கிறது என்பதே இதன் பொருள். பாதை தெற்கே இருக்கிறது என்று சிலர் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். எதிர்வீட்டு வாசல் எல்லையிலிருந்து உங்கள் பக்கத்துச் சாலை ஓரம் வரை, சாக்கடையையும் சேர்த்து, அளந்து பாருங்கள். இருபத்தொன்றரை அடி வந்தால், உங்கள் கணவர் தெற்கே திரும்பிப் பார்த்துக் கோபப்பட்டதில் நியாயமில்லை என்று தெரியும். ஆனால் எதிர்வீட்டாரும் முன்பின் நகர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதை ஒரு துப்பாக மட்டுமே கொள்ள வேண்டும், தீர்வாகக் கொள்ளக்கூடாது.

தீர்வு கல்லில் இருக்கிறது. உங்கள் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் உரிய புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி. வரைபடத்தை, வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்திலிருந்தோ பொது சேவை மையத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் உட்பிரிவின் பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும். பத்திரத்தின் 40 அடி அங்கே 12.2 மீட்டராகவும், 60 அடி 18.3 ஆகவும், 57 அடி 17.4 ஆகவும் காணப்பட வேண்டும். பட்டா விஸ்தீரணம் பத்திரத்தோடு ஒத்துப்போவதால் உங்கள் வரைபடமும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சில ஊர்களில் பழைய வரைபடங்களின் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் கொண்ட சங்கிலி 66 அடி; எனவே ஒரு லிங்க் 7.92 அங்குலம், 1000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். இது தெரியாமல் லிங்க்ஸை அடியென்று எண்ணி, நிலம் காணாமற்போனதாகவோ கூடுதலாக வந்ததாகவோ அலைகிறவர்கள் உண்டு.

வரைபடத்தில் உங்கள் மனையின் நான்கு பக்கங்களுக்கு அப்பால், புலத்தின் மூலைக்கு மூலை ஓடும் நீண்ட கோடுகளையும் காண்பீர்கள். அவற்றை ஜி லைன் என்போம். புலம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்து ஒரு சட்டம் செய்து பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். குச்சிகளின் நீளம் மாறாமலே சட்டம் சாயும். மனையும் அப்படியே. நான்கு பக்கமும் பத்திரப்படி சரியாக அளந்து கல்கால் நட்ட பிறகும் வேலி ஒருபுறம் சாய்ந்து அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடலாம். மூன்று குச்சி கொண்ட முக்கோணம் சாயாது. எனவே மூலைவிட்டத்தையும் அளக்காமல் எந்த மனையின் எல்லையையும் யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, தரையில் உள்ள கற்கள். உங்கள் உட்பிரிவின் நான்கு மூலையிலும் கல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சர்வே எண்ணின் மூலைகளிலோ வளைவுகளிலோ ஊர் எல்லை முச்சந்தியிலோ எங்காவது நில அளவைக் கல் இருக்கும். மண்மூடிக் கிடக்கும், சாலை போடும்போது புதைந்திருக்கும், சில இடங்களில் துணி துவைக்கும் கல்லாகக்கூட இருக்கும் (அப்படிப் பெயர்த்தெடுத்த கல் இருக்கும் இடம் ஆதாரமாகாது). நகராத கல் குறைந்தது இரண்டாவது கிடைத்தால், அவற்றிலிருந்து வரைபடப்படி அளந்து உங்கள் மூலைகளைக் குறிக்க முடியும். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நின்ற இடத்தில் நீலப்புள்ளி காட்டுவதை எல்லையென்று கொள்வது இப்போது பரவி வருகிறது. அந்தப் புள்ளி சில மீட்டர் வரை தள்ளிக் காட்டும். நீங்கள் தேடுவதோ ஒன்றரை அடி.

இந்த வேலையை நீங்களே செய்யாமல் அரசு நில அளவரைக் கொண்டு செய்யுங்கள். நில அளவை செய்து அத்து, அதாவது எல்லை, காட்டக் கோரி, இணையவழியாகவோ பொது சேவை மையத்திலோ கட்டணம் செலுத்தி விண்ணப்பியுங்கள். பத்திரம், பட்டா, வரைபட நகல்கள் வேண்டும். பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்புத் தந்து, குறித்த நாளில் குறுவட்ட நில அளவர் வருவார். அறிவிப்பு போகட்டும் என்று காத்திருக்காமல், நீங்களும் உங்கள் கணவரும் முன்னதாகவே தென்புறத்து வீட்டுக்குச் சென்று, ‘வேலி போடுகிறோம், எல்லையைக் காட்டச் சொல்லியிருக்கிறோம், நீங்களும் கூட நில்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். சங்கிலியின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டுக்காரரையே பிடிக்கச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. தாமே பிடித்து அளந்த அளவை மறுப்பது எவருக்கும் கடினம். அன்று குறித்த இடங்களில் கல் நட்டு, ஒவ்வொரு கல்லையும் மரம், கிணறு, வீட்டு மூலை போன்ற நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நில அளவரின் அறிக்கை நகலையும் கேட்டு வாங்குங்கள். முடிவில் ஒப்புதல் இல்லாதவர் மேலதிகாரியிடம் மறு அளவை கோரலாம்.

எல்லை தெரிந்த பிறகும் கல்காலை அந்தக் கோட்டின் மேலேயே நடக்கூடாது. கோடு இருவருக்கும் பொது, வேலி உங்களுடையது. கம்பியும் கல்காலும் அதைத் தாங்கும் கான்கிரீட்டும் உங்கள் பக்கமே அமைய வேண்டும். பின்னாளில் மதில் எழுப்புவதாக இருந்தால், ஒன்பது அங்குலச் சுவர் மட்டுமல்ல, அதைவிட அகலமாகத் தரைக்கடியில் விரியும் அடித்தளமும் கோட்டைத் தாண்டக்கூடாது. கோட்டை நடுவாக வைத்துப் பொதுச்சுவராகக் கட்ட இருவரும் விரும்பினால், செலவையும் உரிமையையும் எழுதிப் பதிவு செய்துகொண்ட பிறகு கட்டுங்கள். மூலையில் உள்ள நில அளவைக் கல்லைச் சுவருக்குள் புதைத்துவிடாமல், அது கண்ணுக்குத் தெரியும்படி சுவரில் ஒரு சிறு மாடம் விடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும் நில அளவருக்கு அது தேவைப்படும்.

வடபுறத்தில் பாதைதான் உங்கள் இடத்துக்குள் வந்திருக்கிறது என்று தெரிந்தால், வேலியைப் பாதையில் நகர்த்திப் போட்டுவிடாதீர்கள். அளவை அறிக்கையை இணைத்து ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நாமாகப் பாதையை மறித்தால், நம்மீதே ஆக்கிரமிப்பு நடவடிக்கை வரும்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 12 சென்ட் மனையை 1994இல் நாங்கள் மூன்று சகோதரர்களும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியே அனுபவித்து வருகிறோம். என் பங்குக்கு வேலி போட நில அளவருக்கு விண்ணப்பித்தேன். வந்தவர் 12 சென்ட்டின் வெளி எல்லையை மட்டும் காட்டிவிட்டு, உள்ளே பிரித்துக் காட்ட முடியாது என்று போய்விட்டார். இது சரியா? எங்களுக்கு மணமாகிச் சென்ற ஒரு சகோதரியும் உண்டு.
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவர் செய்தது சரி. நில அளவர் வரைபடத்தில் உள்ள கோட்டைத்தான் தரையில் காட்ட முடியும். கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு ஆகாமல் இருக்கும் உங்கள் மனையில், நீங்கள் மூவரும் மனத்தில் வைத்திருக்கும் கோடுகள் வரைபடத்தில் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பித்த பிறகு, நில அளவர் அளந்து புதிய உட்பிரிவு எண் தருவார். அப்போதுதான் நீங்கள் கேட்கும் எல்லை பிறக்கும். பிரித்து எழுதும்போது ‘வடபுறம் நான்கு சென்ட்’ என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பங்குக்கும் நான்கெல்லை, நான்கு பக்க அளவு, பொது நடைபாதையின் அகலம் ஆகியவற்றைக் குறித்து வரைபடமும் இணையுங்கள். குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. மனை உங்கள் தந்தை சொந்தமாகச் சம்பாதித்ததாக இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கு மகனோடு சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் மகனைப் போலவே பங்குதாரர் ஆக்கிவிட்டது. அந்தத் திருத்தம் பாகப்பிரிவினை என்று ஏற்பது பதிவு செய்த பத்திரத்தையும் நீதிமன்றத் தீர்ப்பாணையையும்தான். வாய்மொழிப் பிரிவினையை, வலுவான பொது ஆவணச் சான்று இருக்கும் அரிதான நேரங்களில் மட்டுமே ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. எனவே சகோதரியைக் கேட்காமல் மூவர் மட்டும் போடும் வேலி நிலைக்காது. அவருக்கு உரிய பங்கையோ அதற்கு ஈடான தொகையையோ கொடுத்து, அவருடைய முழுமனதான சம்மதத்தோடு, நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். ‘அது கேட்காது, நல்ல பிள்ளை’ என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல பிள்ளைக்குத்தான் நாம் முதலில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு நில அளவர் நட்டுச் சென்ற எல்லைக்கல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிடுங்கி எறிந்துவிட்டார். குழி இன்னும் தெரிகிறது. அதே குழியில் நானே கல்லைத் திரும்ப நட்டு வேலியைத் தொடங்கலாமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வேண்டாம். நீங்கள் திரும்ப நட்ட கணத்திலிருந்து அது அரசுக் கல்லாக இராது, உங்கள் கல்லாகிவிடும்; நீங்கள் தள்ளி நட்டதாக அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. குழி தூர்ந்துபோகும் முன், பின்னணியில் மரமோ கட்டடமோ தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பொது ஊழியரின் அதிகாரத்தால் நாட்டப்பட்ட எல்லை அடையாளத்தை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிறகு, முந்தைய அளவை அறிக்கையை இணைத்து மீண்டும் கல் நடக் கோரி விண்ணப்பியுங்கள். கல் போனாலும் அளவு போகாது. வரைபடத்திலிருந்து அதே புள்ளியைத் திரும்பக் காண முடியும் என்பதற்காகத்தான் வரைபடமே இருக்கிறது. இதோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி, தம் நிலத்தில் உள்ள அளவைக் கற்களைப் பேணிச் செப்பனிடும் கடமை அந்தந்த நிலத்தாருக்கே உண்டு. ஆகவே உங்கள் நிலத்தின் மற்ற மூலைக் கற்களையும் இப்போதே போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே அவர்கள் போட்ட கிளுவை வேலி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இப்போது அளந்ததில் வேலி எங்கள் பட்டா நிலத்தில் இரண்டு அடி உள்ளே இருப்பதாக நில அளவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலியை வெட்டிவிட்டு மதில் எழுப்ப எங்களுக்கு உரிமை உண்டல்லவா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வெட்டாதீர்கள். கோடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் நில அளவர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு அடியின் இன்றைய உரிமை யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. ஒருவர் பிறர் நிலத்தைத் தம்முடையதென்று வெளிப்படையாக, இடையறாமல், உரியவருக்கு எதிராக 12 ஆண்டுகள் அனுபவித்தால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி எதிரிடை அனுபவ உரிமை கோரலாம். உங்கள் பக்கத்து வீட்டார் அதைச் சொல்லக்கூடும். வேலி இருந்தது என்பதாலேயே அந்த உரிமை தானாக வந்துவிடாது. எல்லை தெரியாமல் இருவரும் அனுபவித்ததும், உங்கள் அனுமதியோடு அவர்கள் அனுபவித்ததும் எதிரிடையாகாது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் நீங்கள் அரிவாளை எடுத்துவிட்டால், இத்தனையும் பின்னுக்குப் போய், அத்துமீறல் புகாருக்குப் பதில் சொல்லும் நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்.

கிளுவை வேலியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மனத்தில் உள்ள கசப்பை அது கொஞ்சம் குறைக்கலாம். கிளுவை நட்ட இடத்தில் நிற்பதில்லை. நட்ட போத்து, அதாவது கிளைத்துண்டு, தடித்துப் பக்கவாட்டில் பருக்கும். பட்டுப்போன இடத்தில் புதுப் போத்தைப் பழைய தூருக்கு வெளிப்பக்கமாகத்தான் ஊன்றுவார்கள், ஏனென்றால் பழைய வேர் கிடக்கும் இடத்தில் கடப்பாரை இறங்காது. இப்படி நாலைந்து முறை நடந்தால், எவரும் திருட நினைக்காமலே வேலி இரண்டு அடி நகர்ந்துவிடும். வேலியின் நடுவே பழைய தூர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விலக்கிப் பாருங்கள். அவை அவர்கள் பக்கம் இருந்தால், வேலி தொடங்கிய இடத்தை இருவீட்டாரும் ஒன்றாக நின்று பார்த்துவிடலாம்.

பேசித் தீர்ந்தால் இரண்டு வழி உண்டு. அவர்கள் பழைய கோட்டுக்குத் திரும்ப ஒப்புக்கொண்டால், அளவைக் கற்களுக்கு இடையே நூல் கட்டி, இருவீட்டாரும் முன்னிற்க வேலியை மாற்றி ஊன்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு அடியில் அவர்களுடைய கிணற்று மேடையோ கழிவறையோ வந்துவிட்டதால் நகர்த்த முடியாது என்றால், வேறொரு புறத்தில் ஈடான நிலத்தை வாங்கிக்கொண்டு பரிவர்த்தனைப் பத்திரம் பதிவு செய்து, இருவர் பட்டாவையும் வரைபடத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துக்கொள்வது போதாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில உரிமை கைமாறுவதற்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

பேச்சு முறிந்தால், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, உரிமை விளம்புகைக்கும் (நிலம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பதற்கும்) நிலத்தை மீட்பதற்கும் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுங்கள். அங்கே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, நில அளவர் துணையோடு இடத்தைப் பார்வையிட்டு அறிக்கையும் வரைபடமும் தரும்படி மனுச் செய்யலாம். பழைய தூர்களைக் குறித்துக்கொள்ளும்படி அந்த ஆணையரிடம் எழுத்திலேயே கேளுங்கள். அதுவரை மதிலுக்கு வாங்கிய செங்கலை இறக்கி வைத்திருப்பதில் தவறில்லை. அதை வேலிக்கு ஒட்டி அடுக்காமல் உங்கள் முற்றத்தின் நடுவே அடுக்கி வையுங்கள்.